வேதக்காரர் பட்ட பாடும் பெற்ற துணிவும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது, மன்னர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவற்றைப் பாடநூலில் படித்துக்கொள்ளலாம். பாடநூலில் இடம் பெறாத ஒரு வரலாறு நம் சேரிகளுக்கு உண்டு. நம் முன்னோருள் கிறிஸ்துவைப் பின்பற்றியவர்களை மதுரைச் சீமையிலும் அதன் தெற்கிலும் 'வேதக்காரர்' என்று ஊரார் அழைத்தனர். வேதத்தில் சேர்ந்ததற்காக அவர்கள் பட்ட பாடு யாது, அதைத் தாங்கும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் கழகத்தில் அம்மன் கோயிலுக்குச் செல்வோரும் உள்ளனர், வேதக்கோயிலுக்குச் செல்வோரும் உள்ளனர். ஒரே வீட்டில் இருவரும் இருப்பதையும் காண்கிறோம். ஆகவே இது ஒரு மதத்தாருக்கு மட்டும் உரிய வரலாறு என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா.

விசுவாசத்திற்காகப் பாடுபட்டவர் என்றவுடன் நம் பகுதியில் எல்லார் நினைவுக்கும் வருபவர் ஓரியூர் அருளானந்தர். போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் 1647இல் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, 1673இல் இந்தியா வந்து மதுரை மிஷனில் பண்டாரசாமியாக, காவியுடுத்தி, காலால் நடந்து ஊர் ஊராகச் சென்றார். மறவர் நாட்டில் 1686இல் பிடிபட்டுக் கொடிய வதைக்கு ஆளாகி விடுதலை பெற்றார். ஐரோப்பா சென்று திரும்பியவர், அஞ்சி ஒதுங்காமல் மீண்டும் அதே மறவர் நாட்டிற்கே வந்தார். தடியத்தேவர் கிறிஸ்தவரானதும், பல மனைவியருள் ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்வேன் என்று அவர் முடிவு செய்ததும், விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினராக இருந்ததும் அரசனின் சினத்தைக் கிளறின. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் மணல் மேட்டில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். 1947இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவை யாவரும் அறிந்தவை.

யாவரும் அறியாதது ஒன்றுண்டு. 1686இல் அருளானந்தர் தனியே பிடிபடவில்லை. அவருடன் உபதேசியார்களும் சில எளியவர்களும் பிடிபட்டு, அவர் பட்ட அடியை அவர்களும் பட்டனர். சில்வை நாயக்கர் என்னும் உபதேசியாரின் ஒரு கண் சாட்டையடியில் சிதைந்தது என்று மிஷன் வரலாறு கூறும். குருவானவர் உயிர் துறந்தால் அவருக்கு நினைவாலயம் எழும் என்பது தெரிந்ததே. ஊர் பேர் தெரியாத உபதேசியாருக்கும் அடியார்க்கும் என்ன எழும்? ஆயினும் அவர்கள் 'நான் இவரை அறியேன்' என்று சொல்லித் தப்பவில்லை. இதை எண்ணும்போது, ஓரியூருக்குச் செல்லும் நம் மக்கள் அந்தச் செம்மணலை நெற்றியில் இட்டுக்கொள்வதோடு அப்பெயரில்லாதவர்களையும் ஒரு கணம் நினைக்கலாமே என்று தோன்றும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நாளில் மதுரை மிஷனில் பிராமண சந்நியாசிகளாக வாழ்ந்த குருக்கள் நம் மக்களை நேரே அணுகவில்லை. அக்குறையை நீக்கவே 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற மற்றொரு வரிசை ஏற்பட்டது. வேதத்தில் சேர்ந்த பின்பும் நம் முன்னோர் தனிச் சிற்றாலயங்களிலோ, பொது ஆலயத்தின் தனிப் பகுதியிலோதான் நின்றனர். வெளியே இருந்தவன் 'நீ ஏன் வேதத்தில் சேர்ந்தாய்' என்று அடித்தான். உள்ளே இருந்தவன் 'நீ ஏன் என் பக்கத்தில் நிற்கிறாய்' என்று முகம் சுளித்தான். இவ்விரண்டு அடிகளையும் தாங்கி நின்றதே நம் மக்களின் பாடு. வேறு எந்த நாட்டு வேதசாட்சிகளின் வரலாற்றைப் படித்தாலும் இந்த இரண்டாவது அடியைக் காண்பது அரிது.

வாளும் சாட்டையும் அரிதாகவே வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் கிராமங்களில் வந்த துன்பம் வேறு வகையினது, அன்றாடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு வரவில்லை என்றால் அந்த வாரக் கூலி நெல் நிறுத்தப்படும். குடியிருக்கும் குடிசை மிராசுதாரின் நிலத்தில் இருக்கும், காலி செய் என்பார். களவுப் பழி சுமத்திப் பொய் வழக்குப் போடுவார்கள். ஓலைக் கூரையிட்ட செபக்கூடம் இரவில் தீப்பற்றும், யார் வைத்தார் என்று தெரியாது. திருவிழாவுக்குப் பறையடிக்க மறுத்தவன் ஊரை எதிர்த்தவனாகக் கருதப்பட்டான். சொந்த உறவினரே பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்தனர். வாளுக்கு முன் ஒரு நாழிகை துணிந்து நிற்பது பெரிது. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் துணிந்து நிற்பது அதைவிடப் பெரிது என்பது என் கருத்து.

அவ்வாறு நின்றவர்களுள் முதல்வராக நான் கருதுபவர் மயிலாடி வேதமாணிக்கம். நம் மதுரைக்குத் தெற்கே, அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான மயிலாடி என்னும் ஊரில், சாம்பவர் குலத்தில் பிறந்த அவருக்கு மகாராசன் என்பது பெற்றோர் இட்ட பெயர். பெயரில் மட்டுமே அவர் மகாராசன். அவர் குலத்தார் பொதுத் தெருவில் நடக்க இயலாது, கோயில் மதிலை அணுக இயலாது, அரசாங்கத்திற்குக் கூலியின்றி 'ஊழியம்' செய்ய வேண்டும். எனினும் அவருக்குக் கடவுளைத் தேடும் தாகம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தம் மருமகனுடன் சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டார். வழியில் தஞ்சையில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே சுவிசேஷ ஆலயத்தில் தமிழில் நடந்த வழிபாட்டைக் கண்டார், பிரசங்கத்தைக் கேட்டார். தஞ்சையிலிருந்த கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். மருமகன் சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார்.

இங்கேதான் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தஞ்சையிலேயே அவர் தங்கியிருக்கலாம். அங்கே சபை இருந்தது, பள்ளி இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. அவரோ தம் ஊருக்குத் திரும்பினார். தம் வீட்டாருக்கும் உறவினருக்கும் தாம் அறிந்ததைச் சொன்னார். சிலர் ஏற்றனர், பலர் வெகுண்டனர். முதல் எதிர்ப்பு மேல்சாதியாரிடமிருந்து வரவில்லை, தம் உறவினரிடமிருந்தே வந்தது. குலதெய்வத்தைக் கைவிட்டவனால் ஊருக்குக் கேடு வரும் என்றனர். பின்னர் ஊர்த் தலைவர்களும் அதிகாரிகளும் சேர்ந்துகொண்டனர். அடியும் மிரட்டலும் தொடர்ந்தன.

வேதமாணிக்கம் அஞ்சவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். அவர் அஞ்சினார். தம்மை நம்பி வந்தவர்களை அழைத்துக்கொண்டு திருவிதாங்கூரை விட்டே வெளியேறிவிடலாமா என்று எண்ணினார். மீண்டும் தஞ்சைக்கு நடந்தே சென்று தம் மக்களின் நிலையை முறையிட்டார். மயிலாடியிலிருந்து தஞ்சை எத்தனை காதம் என்று வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அச்சம் கொண்ட மனிதன் ஒளிந்துகொள்ளவில்லை, உதவி தேடி நடந்தான். அவர் பெற்ற துணிவின் முதற்படி அதுவே என்பேன். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியரான ரிங்கல்தௌபே ஐயர் 1806ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மயிலாடிக்கு வந்தார். வேதமாணிக்கம் மண்ணில் ஊன்றிய விதை, அவர் வரும் முன்பே முளைத்திருந்தது. மிஷனரிதான் சபையைத் தோற்றுவித்தார் என்று நூல்கள் எழுதும். சபை காத்திருந்தது, மிஷனரி வந்து சேர்ந்தார் என்று எழுதுவதே முறை.

ஆலயம் கட்டத் திவான் வேலுத்தம்பியின் காலத்தில் அனுமதி கிட்டவில்லை. 1809இல் அவர் மறைந்த பிறகு, ரெசிடெண்ட் மெக்காலேயின் உதவியால் அதே ஆண்டில் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதன் அருகே பள்ளியும் தொடங்கியது. 1815இல் கிறிஸ்தவர்கள் கோயில் தொடர்பான ஊழியத்தினின்று விலக்குப் பெற்றனர். உடல் நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816இல் நாட்டை விட்டுச் சென்றபோது, சபைகளை யாரிடம் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்திடம். அடுத்த மிஷனரியான மீட் ஐயர் 1818இல் வரும் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தென் திருவிதாங்கூர்ச் சபைகளை, தெருவில் நடக்கத் தடை செய்யப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் மேற்பார்வையிட்டார். 1827இல் அவர் மறைந்தார். நம் மாணவர்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

துணிவு ஒருவருக்குப் பிறக்கலாம். அது நிலைக்க வேண்டுமானால் இடம் வேண்டும், பொருள் வேண்டும். இதைத் திருநெல்வேலிச் சீமை நன்கு கற்றுக்கொண்டது. அங்கே 1799ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடார் குலத்தார் பலர் வேதத்தில் சேர்ந்தபோது செபக்கூடங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டனர். துரத்தப்பட்டவர்களுக்கென்று நிலம் வாங்கி அமைத்த ஊரே முதலூர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1830இல், இரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார். சபையார் சிறுகச் சிறுகத் தரும் காணிக்கையைக் கொண்டு நிலம் வாங்கி, துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களை அதில் குடியேற்றுவது அதன் வேலை. நிலக்கிழாரின் மண்ணில் நின்றுகொண்டு நிலக்கிழாரை எதிர்த்துச் செபிக்க இயலாது என்பதை அந்தச் சங்கத்தார் அறிந்திருந்தனர். சந்தா வசூலிக்க வரும்போது முகம் திருப்பிக்கொள்ளும் நம் கழக உறுப்பினர் சிலர் இந்தப் பத்தியை மட்டும் இருமுறை படிப்பார்களாக!

அக்காலத்தில் அரசாங்கமே துன்பத்திற்குத் துணை நின்றதும் உண்டு. கும்பினி ஆட்சியில் கோயில் நிர்வாகம் மாவட்ட அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தது. தேர்த் திருவிழாவுக்கு வடம் பிடிக்க ஆள் வேண்டுமெனில், சுற்றுக் கிராமங்களிலிருந்து ஏழைகளைப் பிடித்து அனுப்பினர். வர மறுத்தவர்க்குப் பிரம்படி கிடைத்தது. கோயிலுக்குள் நுழையக் கூடாதவன் தேரை மட்டும் இழுக்க வேண்டும்! கிறிஸ்தவர்கள் மனச்சாட்சியின் பேரால் இதை மறுத்தனர். இலண்டனிலிருந்த இயக்குநர் சபை 1833இல் இவ்வழக்கங்களைக் கைவிடுமாறு உத்தரவிட்டும், சென்னை அரசு நாளைக் கடத்தியது. 1838இல் சென்னைப் படைத் தலைவரான மேயிட்லண்ட் இத்தகைய நடைமுறைகளை ஏற்க இயலாதென்று பதவியையே துறந்தார். ஓர் ஆங்கிலத் தளபதி பதவி துறந்தது நூல்களில் இடம் பெற்றது. வடம் பிடிக்க மறுத்து அடி வாங்கியவனின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

செத்த பின்னும் பாடு விடவில்லை. 1858 டிசம்பரில் திருநெல்வேலி நகரில், தாழ்த்தப்பட்ட குலத்துக் கிறிஸ்தவர் ஒருவரின் சடலத்தைப் பொதுத் தெரு வழியே எடுத்துச் செல்வது பற்றி மூண்ட கலகம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. உயிர்கள் பலியாயின. ஒரு தெருவில் கடைசியாக ஒரு முறை செல்ல நமக்கு அத்தனை விலை கேட்கப்பட்டது.

இனி நம் மதுரைக்கு வருவோம். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஷனரிகளால் இங்கே தொடங்கப்பட்டது. திருமங்கலம், மேலூர், திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், மானாமதுரை என்று நிலையங்கள் பரவின. பசுமலையில் உபதேசியார்களுக்கான செமினெரி 1845 முதல் நடைபெற்றது. 1847இல் இந்த மிஷன் ஒரு முடிவெடுத்தது. சாதியை விடாதவர் சபையில் அங்கத்தினராகவோ மிஷன் ஊழியராகவோ இருக்கக் கூடாது என்பதே அம்முடிவு. சொல்லளவில் விட்டால் போதாது, தாழ்ந்தவர் எனப்பட்டவர் சமைத்ததைச் சேர்ந்து உண்டு காட்ட வேண்டும். உபதேசியார் பலர் மறுத்து விலக்கப்பட்டனர். பசுமலை மாணவர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டனர். கிறிஸ்துவுக்காக எதையும் விடுவேன் என்று பாடியவர்கள், பக்கத்து இலையில் அமர வேண்டும் என்றவுடன் கிறிஸ்துவையே விட்டனர். பின்னர் சிலர் திரும்பியும் வந்தனர். மிஷன் தன் முடிவைக் கைவிடாமல் நின்றதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தப் பந்தியில் அமர்ந்திருந்த நம் முன்னோரின் மனநிலையை யார் எழுதினார்? தம் இலையைக் கண்டு ஒருவன் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே உண்ணுவதற்கும் துணிவு வேண்டும் அல்லவா?

அந்தத் துணிவைத் தந்தவற்றுள் எழுத்தறிவு முதன்மையானது என்பது என் துணிபு. நான் பள்ளி ஆசிரியன் என்பதால் இவ்வாறு சொல்கிறேன் என எண்ண வேண்டா. ஞானஸ்நானம் பெற வினா விடை படிக்க வேண்டும். வேதம் வாசிக்க எழுத்துக் கற்க வேண்டும். ஆகவே செபக்கூடமே இரவில் பள்ளிக்கூடம் ஆயிற்று. வேதத்தை வாசிக்கக் கற்றவன் அடமான ஓலையையும் வாசித்தான். வாங்கியது எத்தனை மரக்கால், கணக்கில் எழுதியது எத்தனை மரக்கால் என்று அறிந்தான். உபதேசியாரின் உதவியோடு கலெக்டருக்கு மனு எழுதினான். மிராசுதார்கள் செபக்கூடத்தைக் கண்டு வெகுண்டதற்குத் தெய்வ நிந்தனை மட்டும் காரணம் அன்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும் பல்லாயிரவர் வேதத்தில் சேர்ந்தனர். கால்டுவெல் ஐயரின் திருநெல்வேலிப் பகுதியில் இது பேரலையாக எழுந்தது. அவர்கள் மீது வீசப்பட்ட ஏளனமே 'அரிசிக் கிறிஸ்தவன்' என்பது. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியவன் சொன்னதைப் பசித்தவன் காது கொடுத்துக் கேட்டான், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பஞ்சம் நீங்கியபின் கஞ்சித் தொட்டியும் நின்றது. அதன் பிறகு வேதக்காரனாக இருந்ததற்குக் கிடைத்தது அரிசி அன்று, கூலி நிறுத்தமே. திரும்பிச் சென்றவர்களும் உண்டு, மறுக்கவில்லை. திரும்பாதவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று நம் கழகத்தில் உள்ளனர். அரிசிக்காக வந்தவன், அரிசியை இழந்தும் ஏன் இருந்தான் என்ற கேள்விக்கு ஏளனம் செய்தவர்கள் விடை கூறவில்லை.

சுதந்திர இந்தியாவில் அடியும் தீயும் குறைந்தன. துன்பம் காகிதத்தில் வந்தது. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் வெளியிட்ட அட்டவணைச் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரை அப்பட்டியலிலிருந்து நீக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் கதவு திறக்கவில்லை. சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்து வந்த சூசை என்பவருக்கு, அதே தொழில் செய்த இந்துக்களுக்குத் தரப்பட்ட பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985 செப்டம்பர் 30ஆம் நாள் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவும் இன்னலும் தொடர்கின்றன என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. மாறிய பின் தன் பக்கத்தில் அமர மறுத்தவர்களையும், தனிக் கல்லறைகளையும் அவர் எந்தச் சாட்சியில் கொண்டு சென்று காட்டுவார்? கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் சபைக்குள் தீண்டாமை உண்டென ஒப்புக்கொண்டது. சூசையின் வழக்கு முடிந்து முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து அச்சாட்சி வந்தது! ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் பிரிக்குமாறு 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் மத்திய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் அவ்வுரிமை வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது.

நம் மாநிலத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். மாநில அரசின் கல்வி உதவித்தொகை சில அவர்களுக்கும் உண்டு, அட்டவணைச் சாதியினருக்குரிய இட ஒதுக்கீடும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மதம் என்றொரு கட்டமும் சாதி என்றொரு கட்டமும் உண்டு. பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன் முதல் கட்டத்தில் வாய் திறக்காமல் நிற்பதைத் தலைமையாசிரியர் எவரும் கண்டிருப்பர். வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று இரு பெயரோடு வாழ்பவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். மகளின் மருத்துவப் படிப்பையும் தன் திருமுழுக்கையும் ஒரே தராசில் வைக்குமாறு ஒரு தகப்பனைக் கேட்கும் சட்டமே கேள்விக்குரியது. அதே வேளையில், கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதச் சொல்லிவிட்டு, இழப்பை அறிந்தே கையெழுத்திடும் கூலித் தொழிலாளியையும் நான் கண்டதுண்டு. அவர் கையெழுத்தில் நடுக்கம் இருக்கும், கோணலாகவும் இருக்கும். மயிலாடியிலிருந்து தஞ்சைக்கு நடந்தவரின் வழியில் வந்தவர் அவர்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். நம் ஊர்ச் சபைகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் கல்லறைப் பதிவேடுகளும் எஞ்சியிருக்கின்றன. பல கரையான் அரித்துவிட்டன. குருவானவரிடம் முறைப்படி அனுமதி பெற்று, கோடை விடுமுறையில் அவற்றிலுள்ள பழம் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் நோட்டுப் புத்தகத்தில் தெளிவான கையெழுத்தில் நகலெடுங்கள். எண்பது வயது கடந்த பாட்டனார் பாட்டியரிடம் அவர்களுடைய பெரியவர்கள் பட்டதைக் கேட்டு, சொன்னவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகங்களை வைக்கக் கழக நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கப்பட்டுள்ளது. சாவி நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கும்.